கேமை அணைத்த பிறகும் கேட்கலாம்: வீடியோ கேம் இசைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அண்டர்டேல் என்று ஒரு கேம். 2015-ல் வந்தது. அதன் இசைத் தொகுப்பில் மட்டும் 101 டிராக்குகள். "கேம் மியூசிக் கேட்டுப் பாருங்க, பிரமாதமா இருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி, புதிதாக ஒருவர் அதை முதல் டிராக்கிலிருந்து வரிசையாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அரை நிமிடம்கூட வராமல் முடிந்துவிடும். அடுத்தது களைகட்டும் நேரம் பார்த்துத் தேய்ந்து மறையும். பதினைந்தாவது டிராக்கில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "நமக்கு இது ஒத்து வராது" என்று எழுந்து போய்விடுவார். நானும் அப்படிக் கழற்றி வைத்தவன்தான். வேறு ஆல்பம், அதே கதை. திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

கோளாறு நான் கேட்ட முறையில் இருந்தது. சினிமாவுக்குப் பின்னணி இசை எழுதுபவருக்குக் காட்சி எத்தனை வினாடி என்று தெரியும். கேமுக்கு எழுதுபவருக்குத் தெரியாது. ஒருவர் மூன்று வினாடியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். இன்னொருவர் அதே அறையில் சாவியைத் தேடி முக்கால் மணி நேரம் சுற்றுவார். இசை இரண்டு பேருக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதனால் அதற்கு முடிவே வைப்பதில்லை. வால் போய்த் தலையைத் தொடும்படி எழுதிவிடுகிறார்கள், இதைத்தான் லூப் என்கிறார்கள். கேமுக்கு வெளியே எடுத்து வரும்போது, எங்கே முடிப்பது என்று யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். ஆல்பம் போட்டவர், மறுபடி அமைத்து வாசித்தவர், இல்லாவிட்டால் நீங்கள். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

கேமை விளையாடியிருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். எனக்குப் பிடித்த ஆல்பங்களில் பாதிக்கு மேல் நான் விளையாடாத கேம்களுடையவை.

படி 1: ஒரே ஒரு ஆல்பம்

"தலைசிறந்த 50 கேம் இசைகள்" மாதிரியான பட்டியல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு ரகம். காது ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். முதலில், கேமை விட்டு வந்தும் தன் காலில் நிற்கும் ஆல்பம் ஒன்று போதும்.

என் முதல் பரிந்துரை எப்போதும் ஜர்னி. பிளேஸ்டேஷன் 3-க்கு 2012-ல் வந்த கேம். இசை ஆஸ்டின் வின்டோரி. 18 டிராக்குகள், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொடக்கத்தில் செல்லோவில் ஒரு மெட்டு வருகிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும். நிறைவுப் பாடலை லிஸ்பெத் ஸ்காட் பாடியிருக்கிறார். வரிகள் லத்தீன், பழைய ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு என்று மொழிக்கு மொழி தாவும். கேம் ஒன்றின் முழு இசைத் தொகுப்பு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது இதுதான் முதல் முறை. ஷஃபிளை அணைத்துவிட்டு, வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். வின்டோரி ஆல்பத்தை அப்படிக் கேட்பதற்காகவே அடுக்கியிருக்கிறார், அதாவது எங்கே முடிப்பது என்ற வேலையை உங்களுக்காக அவரே செய்துவிட்டார்.

அவ்வளவு உணர்ச்சி வேண்டாம், அமைதியாக ஏதாவது போதும் என்றால் மைன்கிராஃப்டின் வால்யூம் ஆல்ஃபா. சி418 என்ற பெயரில் இசையமைக்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் 2011-ல் வெளியிட்டது. பெரும்பாலும் பியானோவும் மெல்லிய சிந்தசைசரும்தான். 2025-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. (அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2023-ல், சூப்பர் மாரியோவின் மெட்டு அந்தப் பட்டியலில் நுழைந்திருந்தது. கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுதான் முதல் முறை.) கேமுக்குள் இந்த இசை எப்போதாவதுதான் வரும். பல நிமிடம் மௌனமாக இருக்கும், நீங்கள் மண்ணை வெட்டிக்கொண்டிருப்பீர்கள், திடீரென்று நாலு பியானோ ஸ்வரம் விழும். ஆல்பத்தில் அந்த மௌனம் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது கொஞ்சம் திகட்டுவதுபோல் தோன்றினால், காரணம் அதுதான். இரண்டு டிராக் கேட்டு நிறுத்திவிட்டு, பிறகு இரண்டு கேளுங்கள்.

இந்த இரண்டும் பிடிக்கவில்லையா? ஏற்கெனவே நீங்கள் கேட்கும் இசையிலிருந்து வழி பிடிக்கலாம். மெட்டல் கேட்பவர் மிக் கார்டனின் டூம் (2016). பாடலும் கிட்டாரும் வேண்டுபவர் டேரன் கார்பின் டிரான்சிஸ்டர் அல்லது ஹேடீஸ். பியானோவும் எலக்ட்ரானிக்கும் கலந்து வேண்டுபவர் லீனா ரெய்னின் செலஸ்டே. கிட்டாரின் தனிமை வேண்டுமென்றால் குஸ்தாவோ சாந்தவோலாயாவின் தி லாஸ்ட் ஆஃப் அஸ். குரல் வேண்டும் ஆனால் வார்த்தை கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பவருக்கு நியர் தொடர். அதில் பல பாடல்களை எமி எவன்ஸ் தானே கற்பனை செய்த மொழிகளில் எழுதிப் பாடியிருக்கிறார். எந்த ஊர்க்காரருக்கும் புரியாது, எல்லோருக்கும் ஏதோ புரிந்ததுபோல் இருக்கும்.

படி 2: தேடும்போது இசையமைப்பாளர் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஸ்ட்ரீமிங் செயலியில் கேமின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் முதலில் வருவது அசலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. யாரோ கிட்டாரில் வாசித்தது, தூக்கத்துக்கான லோஃபை பதிப்பு, "8-பிட் கவர்" எல்லாம் முண்டியடித்துக்கொண்டு மேலே நிற்கும். அட்டைப் படமும் கிட்டத்தட்ட அசல் மாதிரியே இருக்கும். கேமின் பெயரோடு இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பெயர் தெரியாவிட்டால் விஜிஎம்டிபி என்ற தளத்தில் ஆல்பம் வாரியாக, பல சமயம் டிராக் வாரியாகவே, யார் எழுதியது என்று இருக்கும். பெரிய கேம்களுக்கு நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவது சாதாரணம். உங்களுக்குப் பிடித்த ஆறு டிராக்கும் ஒரே ஆள் எழுதியது என்று அங்கே தெரிந்தால், அடுத்து எந்த ஆல்பம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

வாங்கிச் சேமிப்பதென்றால் சிறு நிறுவனங்களின் கேம்களுக்கு பேண்ட்கேம்ப் நல்ல இடம். வாங்கும் முன் கேட்டுப் பார்க்கலாம், தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2020 முதல் கேம் இல்லாமலே சவுண்ட்ட்ராக்கை மட்டும் வாங்க முடிகிறது. ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் இசை பெரும்பாலும் பொதுவான ஸ்ட்ரீமிங் செயலிகளில் கிடைக்காது. 2024 அக்டோபரில் அவர்களே நின்டெண்டோ மியூசிக் என்று தனிச் செயலி விட்டார்கள், அவர்களுடைய ஆன்லைன் சந்தா இருந்தால்தான் திறக்கும்.

வீடியோ தளங்களில் ரசிகர்கள் ஏற்றி வைத்திருக்கும் "10 மணி நேரப் பதிப்பு"களை நம்பிப் பட்டியல் கட்டாதீர்கள். நான் கட்டினேன். இரண்டு வருடமாகச் சேர்த்த பிளேலிஸ்டைத் திறந்தால் ஒருநாள் காலை பாதிக்கு மேல் சாம்பல் நிறக் கட்டங்கள், "இந்த வீடியோ கிடைக்கவில்லை". என்னென்ன இருந்தது என்ற பெயர்கூட மிஞ்சவில்லை. இப்போதெல்லாம் பிடித்த டிராக்கின் பெயரை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

படி 3: கழித்துக் கட்டுங்கள்

ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்ற மரியாதை இங்கே தேவையில்லை. ஜர்னி மாதிரி தனியாகத் தொகுத்தவை குறைவு. பெரும்பாலானவை கேமில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே கொட்டி வைத்தவை. புதையல் பெட்டி திறந்தால் வரும் நாலு வினாடி முழக்கம்கூட அதில் தனி டிராக்.

நான் செய்வது இது. வேறு வேலை செய்துகொண்டே முதல் முறை ஓடவிடுவேன். எந்த டிராக் வந்தபோது தலை தானாகத் திரும்பியதோ அதற்கு மட்டும் ஒரு குறி. மற்றவற்றைப் பற்றி ஒரு தீர்ப்பும் சொல்வதில்லை. நூறில் பத்துப் பன்னிரண்டு தேறும். அதுதான் என் ஆல்பம். இரண்டாவது முறை அந்தப் பன்னிரண்டை மட்டும் உட்கார்ந்து கேட்பேன்.

ஒரு மாதம் கழித்து, தள்ளி வைத்ததை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும், அது முக்கியம். அண்டர்டேலின் முதல் டிராக்கான 'ஒன்ஸ் அபான் எ டைம்' மிக எளிய ஒரு மெட்டு, பொம்மைப் பியானோவில் வாசித்தது போல இருக்கும். அதைத் தள்ளியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் பிற்பகுதியில் கேமின் பெயரையே தாங்கிய நீண்ட டிராக்கிலும், 'ஹோப்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்' என்ற சண்டை டிராக்கிலும் அந்த மெட்டுதான் திரும்பி வருகிறது. ஒன்றில் விம்மிக்கொண்டு, மற்றொன்றில் ஓடிக்கொண்டு. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இசையமைத்த டோபி ஃபாக்ஸ் இந்த விளையாட்டை ஆல்பம் முழுக்க ஆடியிருக்கிறார்.

இன்னொரு எச்சரிக்கை: டிராக்குகளின் பெயர்களை வாசிக்காதீர்கள், அந்தக் கேமை என்றாவது விளையாடும் எண்ணம் இருந்தால். இன்னாரின் மறைவு, இன்னாரோடு இறுதிச் சண்டை என்று பெயரிலேயே கதையைப் போட்டு உடைத்துவிடுவார்கள். நாற்பது மணி நேரம் விளையாடித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு துரோகத்தை நான் பஸ்ஸில் பிளேலிஸ்டைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தெரிந்துகொண்டேன். நின்டெண்டோ செயலியில் நீங்கள் சொல்லும் கேமின் டிராக்குகளை மறைத்து வைக்கும் வசதியே இருக்கிறது. என்னைப் போல நொந்தவர் யாரோ அங்கே வேலை செய்கிறார் போல.

படி 4: லூப்போடு பழகுங்கள்

இதுதான் கேம் இசையைக் கேட்பதில் உள்ள தனி ருசி, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுவே.

ஆல்பத்தில் வரும் பெரும்பாலான டிராக்குகளின் அமைப்பு ஒன்றுதான். சிறு முன்னுரை, பிறகு ஒரு சுற்று, மறுபடி அதே சுற்று, அப்படியே ஒலி குறைந்து மறைவது. இதை அறியாமல் கேட்டால் "சொன்னதையே சொல்கிறார்கள், முடிக்கத் தெரியவில்லை" என்று தோன்றும். ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிட டிராக் ஒன்றை எடுத்து, முதல் சுற்று எந்த வினாடியில் முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தையலில் மட்டும் காதை வையுங்கள். கடைசிச் சில தாள அளவுகளில் இசை எதையோ கேட்டு நிற்கும், கேள்விக்குப் பதில் முதல் ஸ்வரத்திலேயே இருக்கும். நல்ல இசையமைப்பாளர் இங்கே தையலே தெரியாமல் தைத்திருப்பார். சுமாரானவரிடம் ஒரு முட்டு இடிக்கும். கேமுக்குள் அந்த இடத்தை ஆயிரம் தடவை கடந்தாலும் கவனிக்க மாட்டோம்.

டிராக் முடிந்ததும் மறுபடி ஓடும்படி ரிப்பீட் போட்டு வைத்தால் அது உண்மையான லூப் ஆகிவிடாது. மறைந்து, ஒரு கணம் நின்று, முன்னுரையிலிருந்து மறுபடி வரும். பத்து நிமிடத்துக்குள் எரிச்சலாகிவிடும். நின்டெண்டோ செயலியில் சில டிராக்குகளை 15, 30, 60 நிமிடத்துக்குத் தையலில்லாமல் நீட்டிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு, உங்களிடம் கோப்பு இருந்தால் ஆடாசிட்டி மாதிரி இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். வெட்டும் இடம் தாளத்தின் முதல் அடியில் விழ வேண்டும். கண்ணால் அலையைப் பார்த்து வெட்டினால் தப்பும். காதால் எண்ணி, பிறகு கண்ணால் சரிபாருங்கள்.

எத்தனை சுற்று கேட்பது? என் கணக்கு மூன்று. முதல் சுற்றில் மெட்டு, இரண்டாவதில் அடியில் ஓடும் பேஸ், மூன்றாவதில் மூலையில் யாரும் கவனிக்காமல் ஏதோ செய்துகொண்டிருக்கும் அந்த மூன்றாவது குரல். அதற்கு மேல் பிடித்திருந்தால் அது பின்னணியாகக் கரைந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

படி 5: பழைய சிப் இசைக்குக் காதைத் திறப்பது

பழைய கேம் இயந்திரத்தின் ஒலிச் சிப்பே வாசித்த இசையை 'பீப் பீப்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். இங்கே கேட்கும் முறை தெரிந்தால் போதும்.

1983-ல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோல், மற்ற நாடுகளில் என்இஎஸ், ஒலிக்கு மொத்தம் ஐந்தே சேனல் கொடுத்தது. இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், பதிவுசெய்த சிறு ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. சதுர அலை நாசியில் பாடுவது போலக் கூர்மையாக இருக்கும், பெரும்பாலும் மெட்டு அதில். முக்கோண அலை மழமழப்பு, பேஸ் அதில். இரைச்சல் சேனலை வெட்டி வெட்டி டிரம் ஆக்குவார்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸின் (1985) முதல் லெவல் இசையை, கோஜி கோண்டோ எழுதியதை, எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் மெட்டு தெரியும். இந்த முறை மெட்டை விட்டுவிட்டுக் கீழே உள்ள முக்கோண அலையை மட்டும் பின்தொடருங்கள். அது மெட்டுக்குத் துணை போவதோடு நிற்காது, தானே ஒரு நடை நடக்கும். அடுத்த முறை இரண்டாவது சதுர அலை. நாலு பேர் மட்டுமே உள்ள ஒரு குழு வாசிப்பது அப்போதுதான் காதில் விழும்.

கேமின் ஓசைகளும் இதே சேனல்களைத்தான் கடன் வாங்கும். குதிக்கும் சத்தமோ காசு எடுக்கும் சத்தமோ வரும் கணத்தில் இசையின் ஓர் இழை அறுந்து, பிறகு ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் விடிய விடிய விளையாடியவர்கள்கூட அந்த இசையை முழுதாகக் கேட்டதில்லை என்றே சொல்லலாம். ஆல்பத்தில்தான் அது ஓட்டையில்லாமல் கிடைக்கிறது.

காது பிடிபடவில்லை என்றால் 'ஆசிலோஸ்கோப் வியூ' என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு சேனலின் அலையையும் தனித்தனிக் கட்டத்தில் ஓடவிடும் காணொளிகள் வரும். இரண்டே இரண்டு பார்த்தால் போதும், பிறகு திரையில்லாமலே பிரித்துக் கேட்க வரும்.

அடுத்து ஓர் ஒப்பீடு. காசில்வேனியா தொடரின் மூன்றாவது கேம் 1989-ல் ஜப்பானில் வந்தபோது, அதன் கேசட்டுக்குள்ளேயே விஆர்சி6 என்ற கூடுதல் சிப் வைத்திருந்தார்கள். இரண்டு சதுர அலையும் ஒரு ரம்ப அலையும் கூடுதலாகக் கிடைத்தன. வெளிநாட்டுப் பதிப்பில் அது இல்லை, கன்சோலிலேயே அதற்கு வழியில்லை. அதனால் அதே இசையைக் குறைந்த சேனல்களுக்குள் மறுபடி அடக்கினார்கள். 'பிகினிங்' என்ற முதல் கட்ட டிராக்கை இரண்டு பதிப்பிலும் கேளுங்கள். ஜப்பான் பதிப்பு தாம்பாளம் நிறையப் பரிமாறியது போலிருக்கும். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பின் இறுக்கமும் எனக்குப் பிடிக்கும். எதை விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது தனி சுகம்.

அதற்கு அடுத்த கன்சோலான சூப்பர் ஃபாமிகாமுக்கு (1990) எட்டுக் குரல்கள், அதாவது சேனல்கள், உண்மையான வாத்தியங்களின் ஒலித்துண்டுகள், ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 64 கிலோபைட் நினைவகம். கைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதற்குள் டேவிட் வைஸ் 1994-ல் டாங்கி காங் கன்ட்ரிக்காகச் செய்த 'அக்வாட்டிக் ஆம்பியன்ஸ்' ஒன்றைக் கேளுங்கள். நீருக்கடியில் நடக்கும் கட்டம். துளித் துளி ஒலிகளை ஒன்றின் மேல் ஒன்று மாற்றி மாற்றி வைத்து, நீர் மெல்ல அசைவது போல ஒரு பரப்பை உண்டாக்கியிருப்பார். நெருக்கடி தெரியாது, விசாலம்தான் தெரியும். செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோல் பக்கம் போனால், எஃப்எம் என்ற முறையில் ஒலியை உருவாக்கும் யமஹா சிப், உலோகத்தன்மை கொண்ட கடினமான ஒலி. யூஸோ கோஷிரோவின் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் (1991) அதை வைத்து நடன விடுதியையே கட்டிவிட்டது.

ஹெட்ஃபோனில் சதுர அலையை அதிக ஒலியில் வைத்தால் அரை மணியில் காது களைத்துவிடும். ஒலியைக் குறைத்து, ஈக்வலைஸரில் டிரெபிளையும் கொஞ்சம் இறக்குங்கள். நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாயின் இசையில் ஓர் ஒலி இடது, வலது, நடு என்ற மூன்றில் ஒன்றில்தான் இருக்க முடியும், இடைப்பட்ட நிலை கிடையாது. ஒரு காதில் மட்டும் ஏதோ குத்துகிறது என்றால் ஹெட்ஃபோன் பழுது என்று பயப்பட வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டால் சரியாகிவிடும்.

படி 6: ஒரே இசை, பல பதிப்பு

ஒரு மெட்டு பிடித்துவிட்டால் அதன் மற்ற வடிவங்களைத் தேடுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி தொடருக்கு 'பியானோ கலெக்‌ஷன்ஸ்' என்றே ஒரு வரிசை உண்டு. நோபுவோ உவேமாட்சுவின் இசையைத் தனிப் பியானோவுக்கு மாற்றி எழுதியது. 1997-ல் வந்த ஏழாம் பாகத்தின் 'ஒன்-விங்டு ஏஞ்சல்' டிராக்கை முதலில் அசலில், பிளேஸ்டேஷன் சிப் வாசிப்பதாகக் கேளுங்கள். பிறகு நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவும் லத்தீனில் பாடும் குழுவும் சேர்ந்து வாசிப்பதைக் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ராதான் சிறந்தது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். எனக்கு அசலின் அந்த விறைப்பான, கொஞ்சம் பயமுறுத்தும் இயந்திரத்தன்மைதான் இன்றும் பிடிக்கும். மேடையில் அது கம்பீரமாகிவிடுகிறது, பயம் போய்விடுகிறது.

செலஸ்டேவில் கிட்டத்தட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு 'பி-சைடு' உண்டு. லீனா ரெய்னின் இசையைப் பெரும்பாலும் மற்ற இசையமைப்பாளர்கள் தங்கள் பாணியில் புரட்டிப் போட்டது. அசலும் பி-சைடும் ஜோடி ஜோடியாகக் கேட்டால் ஒரு வார இறுதி போவதே தெரியாது. ஜாஸ் பிடிக்குமென்றால் தி 8-பிட் பிக் பேண்ட். கிர்பி கேமின் இசை ஒன்றுக்கு அவர்கள் செய்த அமைப்பு 2022-ல் கிராமி வாங்கியது. ரசிகர்கள் செய்தவற்றுக்கு 1999 முதல் இயங்கும் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ். தேர்வு செய்தே வெளியிடுகிறார்கள், குப்பை குறைவு.

படி 7: வேலை செய்யும்போது கேட்பது

"கேம் மியூசிக் போட்டால் கவனம் கூடும்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எந்த கேம் மியூசிக் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது ஆபத்தான அறிவுரை. இறுதி எதிரியோடு மோதும் இசையைப் போட்டுக்கொண்டு கணக்கு எழுதினால் கை நடுங்கும். அந்த இசையை எழுதியதே உங்களைப் பதற வைக்கத்தான்.

டிராக்கின் பெயரைப் பார்க்காமல், கேமில் அது ஒலிக்கும் இடத்தைப் பாருங்கள். ஊர், கடை, வரைபடத் திரை, மெனு, சேவ் செய்யும் அறை: இங்கெல்லாம் விளையாடுபவர் யோசிப்பார், படிப்பார், பொருள்களை அடுக்குவார். இசையும் அதற்கு இடம் விட்டு ஒதுங்கியிருக்கும். தி சிம்ஸ் (2000) கேமில் வீடு கட்டும்போது வரும் பியானோ இதற்கு நல்ல உதாரணம், சுவரை எங்கே வைக்கலாம் என்று யோசிப்பவருக்கு எழுதியது. ரெசிடென்ட் ஈவிலின் பாதுகாப்பான அறைகளில் வரும் மெல்லிய இசை இன்னொன்று. வெளியே பேய்க்கூட்டம், உள்ளே ஒரு நிமிட நிம்மதி. ஹாலோ நைட்டில் (2017) மழை ஓயாத 'சிட்டி ஆஃப் டியர்ஸ்' நகரத்தின் இசையைப் போட்டு நான் எழுதிய கடிதங்கள் ஏராளம்.

அனிமல் கிராசிங்கில் ஒவ்வொரு மணிக்கும் தனி இசை. காலை ஏழுக்கு ஒன்று, நள்ளிரவு ஒன்றுக்கு வேறு. அந்தந்த இசையை அந்தந்த மணிக்கே கேட்பது என்று ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்கு உரியதை மட்டும் நான் இன்னும் நேரப்படி கேட்கவில்லை, தூங்கிவிடுகிறேன்.

படி 8: மேடையில்

கேம் இசைக்குக் கச்சேரி வைப்பது புதுசில்லை. டிராகன் க்வெஸ்ட் இசையை 1987-லேயே டோக்கியோவில் மேடையேற்றினார் அதன் இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா. 2003-ல் ஜெர்மனியின் லைப்சிக், 2005-ல் அமெரிக்காவின் 'ஹாலிவுட் போல்' அரங்கம், 2022-ல் லண்டனின் பிபிசி பிராம்ஸ் இசை விழா என்று கேம் கச்சேரி பரவியது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பே கேம் இசையோடுதான் நடந்தது, முதலில் ஒலித்ததும் டிராகன் க்வெஸ்ட். நேரில் போக வாய்ப்பில்லாவிட்டால் பதிவுகள் இருக்கின்றன. போனால், திரையில் கேம் காட்சிகள் ஓடும். ஒரு டிராக்குக்காவது கண்ணைத் திருப்பி வாத்தியக்காரர்களைப் பாருங்கள். முடிவில்லாத லூப்புக்கு அவர்கள் எப்படி ஒரு முடிவு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், சில சமயம் அந்தக் கடைசி எட்டுத் தாள அளவுகள்தான் முழுக்கப் புதிதாக எழுதியவை.

கடைசியாக: ஆல்பத்துக்குள் வராதவை

சில கேம் இசையை வெளியே எடுத்து வரவே முடியாது. மங்கி ஐலேண்ட் 2 (1991) கேமில் வுட்டிக் என்று ஓர் ஊர். தெருவில் ஓர் இசை ஓடும். ஒரு கடைக்குள் நுழைந்தால் அதே மெட்டு அந்தக் கடைக்காரருக்கு ஏற்றபடி வாத்தியம் மாறும், வெளியே வந்தால் பழையபடி தெருவுக்குத் திரும்பும். எந்த நொடியில் நுழைந்தாலும் தாளம் தவறாது. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் இதற்காகவே ஐமியூஸ் என்று ஒரு மென்பொருளைச் செய்தார்கள். ஆல்பத்தில் போட்டால் யாராவது ஒருவர் நடந்த ஒரு பாதைதான் பதிவாகும்.

அதைவிடப் பழையது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் (1978). நாலே நாலு ஸ்வரம், கீழிறங்கும். எதிரிகள் குறையக் குறைய அவர்கள் வேகமெடுப்பார்கள், அந்த நாலு ஸ்வரமும் கூடவே வேகமெடுக்கும். எப்போது எவ்வளவு வேகம் என்பது சுடுபவரின் கையில் இருக்கிறது. இந்த மாதிரி இசைக்கு விளையாடத் தெரிந்த ஒரு நண்பர் வேண்டும். அவரை விளையாடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும்.